சராசரிப்படி நீங்கள் நலமே

"இறக்கு! இறக்குய்யா! கம்பிக்கட்டைக் கீழ இறக்கு!"

வாக்கி டாக்கியில் பாதுகாப்பு அதிகாரியின் குரல் கரகரத்தது. கிரேன்காரருக்குக் காது நன்றாகவே கேட்டது. சிக்கல் கண்ணில்தான். கொக்கியில் தொங்கிய ஒரே கம்பிக்கட்டு இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் எதை இறக்குவது?

இருபது மாடி உயரத்தில், குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் யாரோ சம்மட்டியால் தாளம் தவறாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஹெல்மெட் தலைகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. அவர் ஒரு கண்ணை மூடினார். இரண்டு கட்டு ஒன்றானது. அந்த ஒன்றைத் தூங்குகிற குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல மணல்மேட்டில் இறக்கி வைத்துவிட்டு, லீவரிலிருந்து கையை எடுத்தார்.

ஏணியில் இறங்கி வருவதற்குள் அதிகாரி பிரஷர் மெஷினோடு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மெஷின் முனகியது, சீறியது, நூற்றுத் தொண்ணூற்று நாலு என்றது. கீழே நூற்றுப் பதினாறு.

"கிரேன்காரரே, இது பிரஷரா, போன் நம்பரா?"

"வெயில் ஜாஸ்தி சார்."

"வெயிலாவது மழையாவது. மூணு மாசம் டைம் தர்றேன். ஒழுங்கு நிலையத்துல போய் தகுதிச் சான்று வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா கூண்டுக்கு வேற ஆளைப் போட்டுருவேன். எனக்கு மட்டும் மனசு கேக்குதா? மேல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, கீழ நிக்கிறது நானாச்சே!"

கிரேன்காரர் அண்ணாந்து பார்த்தார். அந்தக் கூண்டைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. தரையில் நிற்கும்போது என்ன செய்வதென்றே புரியாமல் கையைப் பிசையும் ஜாதி அவர்.

*

இரத்த அழுத்த ஒழுங்கு நிலையம் என்பது பலகையில் எழுதியிருந்த பெயர். மக்கள் வைத்த பெயர் மேடுபள்ளம். காரணம் வாசலிலேயே தெரிந்துவிடும். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் படியேறினால், முன்னோர் மேட்டு நிலத்தில் வாழ்ந்த மேட்டு வம்சத்தார் காத்திருக்கும் கூடம். வலப்பக்கம் படியிறங்கினால் பள்ளத்து வம்சத்தார் கூடம். நடுவே சமதளமாக இருந்த ஒரே இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்து, 'இங்கே மனிதர்கள் நிற்கக் கூடாது' என்று எழுதிப் போட்டிருந்தார்கள்.

கிரேன்காரரின் மனைவிக்கு அந்த இடம் பழக்கம். அவளுக்கும் பிரஷர் உண்டு. பஸ் கண்டக்டர் வேலை பார்க்கிறவளுக்குப் பிரஷர் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அவளை என்றைக்கோ பள்ளத்து வம்சத்தில் சேர்த்து மஞ்சள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவளும் நன்றாகத்தான் இருந்தாள்.

"நீங்க எந்த வம்சம்?" என்று கேட்டார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். மெலிந்த உருவம், இஸ்திரி போட்ட புன்னகை. நிலையத்தின் முதன்மைக் கணிப்பாளர். வாயைத் திறந்தால் சராசரிதான் வரும் என்பதால் நோயாளிகள் அவருக்குச் சராசரியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க சார். அப்பா சின்னப் பையனா இருக்கும்போதே தாத்தா போயிட்டார். அவங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு யாரும் சொல்லல."

"கவலைப்படாதீங்க. நீங்க மறந்தாலும் உங்க கால் மறக்காது. ஏறுங்க படியை!"

மூன்று நிபுணர்கள் படிக்கட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அவருடைய குதிகாலை உற்றுப் பார்த்தார்கள். மேட்டில் வாழ்ந்த முன்னோரின் வாரிசுக்குப் படியேறினால் மூச்சு வாங்காது என்பது நிலையத்தின் கண்டுபிடிப்பு. கிரேன்காரர் சரசரவென்று ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மூச்சு முட்டியது பார்த்துக்கொண்டிருந்த நிபுணர்களுக்குத்தான்.

"அசல் மேட்டு வம்சம்!" என்றார் ஒருவர் கண் கலங்கி. "இப்படி ஒரு குதிகாலை நான் பார்த்ததே இல்லை."

"சார், நான் தினமும் இருபது மாடி ஏணி ஏறுறவன். அதனால..."

"அடக்கம் வேற!" என்றார் சராசரியார். "மேட்டு வம்சத்துக்கு வெள்ளை மாத்திரை. காலையில ஒண்ணு."

கூட வந்திருந்த மனைவி மெல்ல எட்டிப் பார்த்தாள். "சார், அவருக்கும் என்னோட மஞ்சளையே குடுக்கலாமே? ஒரே வீடு, ஒரே சமையல்."

"அம்மா, நூறு மேட்டுக்காரங்களுக்கு வெள்ளை குடுத்தோம். அறுபத்திரண்டு பேருக்குக் குறைஞ்சுது. நூறு பள்ளத்துக்காரங்களுக்கு மஞ்சள் குடுத்தோம். அறுபத்தஞ்சு பேருக்குக் குறைஞ்சுது. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?"

"மேட்டுக்காரங்களுக்கு மஞ்சளைக் குடுத்துப் பார்த்தீங்களா?"

"அது எதுக்கு? அவங்கதான் மேட்டுக்காரங்களாச்சே!"

"சரி, வெள்ளை கேக்காத மிச்சம் முப்பத்தெட்டு பேரு?"

சராசரியார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்களே சொல்லிட்டீங்களே. மிச்சம்."

*

வெள்ளை மாத்திரை விழுங்குவதற்குச் சுகமாக இருந்தது. அது ஒன்றுதான் அதிலிருந்த சுகம். மூன்று வாரம் கழித்தும் பின்மண்டைச் சம்மட்டி விடுப்பு எடுக்கவில்லை. மறுபடி படியேறிப் போய்ச் சராசரியாரிடம் கையை நீட்டினார் கிரேன்காரர். நூற்றுத் தொண்ணூறு.

"மாத்திரை வேலை செய்யலீங்க சார்."

"தப்பு. மாத்திரை நல்லா வேலை செய்யுது. உங்க வம்சத்துக்கு வேலை செய்யுது. உங்களுக்குச் செய்யலங்கிறது உங்க சொந்த விஷயம். அதுல நிலையம் தலையிட முடியாது."

"சார், எனக்குச் சான்று வேணும். வேலை போயிடும்."

சராசரியார் யோசித்தார். நாற்காலியில் சுழன்றார். திடீரென்று முகம் மலர்ந்தது. "வழி இருக்கு. நம்ம சராசரிப் பெஞ்சுக்கு வாங்க!"

கூடத்தின் மூலையில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு கணக்கு வாத்தியார் சுவரில் சாய்ந்து, வெளுத்துப்போய், கண்ணை மூடிக் கிடந்தார். அதே மேட்டு வம்சம், அதே வெள்ளை மாத்திரை. ஆனால் அவருக்கு அது பிரஷரை எழுபதுக்கு இழுத்துத் தள்ளியிருந்தது. கரும்பலகைக்கு முன்னாலேயே இரண்டு முறை சுருண்டு விழுந்திருந்தார்.

"ரெண்டு பேரும் கையைக் கோத்துக்குங்க," என்றார் சராசரியார். "உங்களுக்கு நூத்தித் தொண்ணூறு, அவருக்கு எழுபது. கூட்டி ரெண்டா வகுத்தா நூத்தி முப்பது! ஆஹா! புத்தகத்துல போட்டு வைக்கலாம். சராசரிப்படி நீங்க ரெண்டு பேரும் பூரண நலம்!"

வாத்தியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "முப்பது வருஷமா பசங்களுக்குச் சராசரி சொல்லிக் குடுத்திருக்கேன் தம்பி. அவனுங்க ஏன் அழுதானுங்கன்னு இன்னைக்குத்தான் புரியுது," என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"அப்ப சான்று?" என்றார் கிரேன்காரர்.

"தாராளமா தர்றோம். கூட்டுச் சான்று. ஒரே ஒரு நிபந்தனை. கூண்டுக்கு நீங்க ஏறும்போது வாத்தியாரும் கூட ஏறணும். கையை விடக் கூடாது."

கிரேன்காரர் அந்தச் சான்றைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டவும் செய்தார். அதிகாரி அதை வாசித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கொக்கி லீவரை இழுக்கிறப்போ ஒரு கை வேணுமே. அது உங்க கையா, வாத்தியார் கையா?"

கெடுவில் ஒரு மாதம் இப்படியே கரைந்தது.

*

அடுத்து நடந்தது யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. நிலையம் இரண்டு வம்சத்துக்கும் ஒரே மாதிரித் தகர டப்பாவில்தான் மாத்திரை கொடுத்தது. மனைவி தன் அக்கா மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். அவசரத்தில் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் காலை கிரேன்காரர் மிச்சமிருந்த டப்பாவைத் திறந்தால், உள்ளே மஞ்சள்.

போன் போட்டார்.

"ஏம்மா, என் மாத்திரையைத் தூக்கிட்டுப் போயிட்டியே!"

"ஐயோ, ஆமாங்க! நான்கூட என்னடா இது, ஒரே ராத்திரியில வெளுத்துப் போச்சேன்னு நினைச்சேன்."

"இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றதா? இங்க பிள்ளையும் கையுமா நிக்கிறேன், டப்பா மாத்த நாலு பஸ் மாறி வரச் சொல்றீங்களா? பேசாம அதைப் போட்டுத் தொலைங்க. உங்க வெள்ளையில மட்டும் என்ன வாழுது!"

அவள் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஒரு நாள் காலை கிரேன்காரர் கண் விழித்தபோது வீடு வினோதமாக அமைதியாக இருந்தது. என்ன குறைகிறது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. சம்மட்டிச் சத்தம். அது நின்றுபோயிருந்தது.

பாதுகாப்பு அதிகாரியின் மெஷின் நூற்று இருபத்தெட்டு என்றது. அதிகாரி மெஷினைத் தட்டிப் பார்த்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார். கிரேன்காரரைக் கட்டிக்கொண்டார். "ஓடுங்கய்யா! ஓடிப்போய்ச் சான்றை வாங்கிட்டு வாங்க!"

வெள்ளை மாத்திரை போட்டுக்கொண்ட மனைவிக்கும் பிரஷர் ஏறவில்லை. அவளுக்கு எதைப் போட்டாலும் கேட்டது. சில உடம்பு அப்படி.

*

உண்மையைச் சொன்னால் பாராட்டுவார்கள் என்று கிரேன்காரர் நம்பினார். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதருக்கு இத்தனை அப்பாவித்தனம் ஆகாது.

"மஞ்சளா?" என்றார் சராசரியார். புன்னகையின் இஸ்திரி கலைந்தது. "மேட்டு வம்சத்துக்காரர் மஞ்சளைப் போட்டீங்களா? குறைஞ்சுதா? எங்கே, கையை நீட்டுங்க!"

நூற்று இருபத்தாறு. மெஷினை மாற்றினார்கள். நூற்று இருபத்தாறு. நாற்காலியை மாற்றினார்கள், கையை மாற்றினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். கடைசியில் அளந்த ஊழியரையே மாற்றினார்கள். நூற்று இருபத்தைந்து.

"இன்னும் குறையுது சார்!" என்று அலறினார் புது ஊழியர்.

மணி அடித்தார்கள். படிக்கட்டு நிபுணர்கள் மூவரும் ஓடி வந்தார்கள். அரை மணியில் வம்ச விசாரணைக் குழு கூடிவிட்டது. கிரேன்காரரை நடுவில் நிறுத்தினார்கள். தப்பி ஓடாதிருக்க வாசலில் பூந்தொட்டியை நகர்த்தி வைத்தார்கள்.

"உண்மையைச் சொல்லுங்க," என்றார் முதல் நிபுணர். "உங்க தாத்தா யார்?"

"தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்."

"அவர் குடிச்ச தண்ணி மேட்டுத் தண்ணியா, பள்ளத்துத் தண்ணியா?"

"அவர் செத்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"சரி, அவரோட பிரஷர்?"

"இப்பவா?"

நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

சராசரியார் நிதானமாக விளக்கினார். நிலையத்தின் கண்ணுக்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று, கிரேன்காரர் பள்ளத்து வம்சம் என்று மாற்றுவது. அதற்குத் தாத்தா நேரில் வந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும். இரண்டு, மேட்டுக்காரருக்கு மஞ்சள் கேட்காது என்பதால் அவருக்குப் பிரஷர் குறையவில்லை என்று முடிவு கட்டுவது.

"சார், இதோ கை. நாடியைத் தொட்டுப் பாருங்க!"

"மன்னிக்கணும். தனி ஆளைத் தொடுறது எங்க கொள்கை கிடையாது."

அப்போது கதவு திறந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நிலையத்தின் இயக்குநர் உள்ளே வந்தார். நாலு தலைமுறை கலப்பில்லாத மேட்டு வம்சம் என்று அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். நடக்கும்போதுகூடக் குதிகால் தரையில் படாமல், எப்போதும் ஒரு படி மேலே நிற்பவர்போல நடப்பார். மேடு வெள்ளை, பள்ளம் மஞ்சள் என்ற கோட்பாடு அவருடையதுதான். அதற்காக அவருக்கு இரண்டு கேடயமும் ஒரு சால்வையும் கிடைத்திருந்தன.

அவர் கிரேன்காரரின் தோளில் கைவைக்கப் போய், கொள்கை நினைவுக்கு வந்து, எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த நிலையத்தை ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியா பார்த்தோம். ஒரே குழப்பம்! ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லை. அண்ணனுக்குக் கேட்டது தம்பிக்குக் கேக்கலை. ஒரு முடிவுக்கும் வர முடியாம எத்தனை நாள் சாப்பிடாம கிடந்திருக்கேன் தெரியுமா? அப்புறம்தான் ஒரு நாள் துணிஞ்சு, நோயாளிங்களைப் பார்க்கிறதை நிறுத்தினேன். அன்னையிலேர்ந்து எல்லாம் பளிச்சுன்னு தெளிவாயிடுச்சு. நீங்க ஒருத்தர் வந்து அந்தத் தெளிவைக் கெடுக்கலாமா?"

கிரேன்காரருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

மஞ்சள் டப்பாவைப் பறிமுதல் செய்தார்கள். மனைவிக்கு இனி தினமும் நிலையத்துக்கு வந்து, ஊழியர் கண் முன்னால்தான் மாத்திரை போட வேண்டும் என்று உத்தரவு. கிரேன்காரருக்குப் புது வெள்ளை டப்பா. இரண்டு வாரத்தில் சம்மட்டிக்காரன் வேலைக்குத் திரும்பினான். நூற்று எண்பத்தெட்டு.

சராசரியார் கைகுலுக்கினார். "வாழ்த்துகள்! இப்பத்தான் உங்க அளவு நம்பும்படியா இருக்கு."

*

மூன்று மாதக் கெடுவில் இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பாதுகாப்பு அதிகாரி புது ஆள் ஒருவனைக் கூண்டைக் காட்ட அழைத்துப் போனார் என்று கேள்விப்பட்டதும், மனைவி பொறுத்தது போதும் என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

நிலையத்துக்குப் பணம் ஒதுக்கும் மேலிடத்திலிருந்து பார்வைக் குழு வந்திருந்த நாள் அது. கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏழெட்டுப் பேர் பூந்தொட்டியைச் சுற்றி நின்று, அதன் பயன் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் விளக்க வாயெடுத்தார்.

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க! வழி விடுங்க, வழி விடுங்க!"

பின்வாசல் வரை அடைத்த பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துப் பழகிய குரல். பார்வைக் குழு அனிச்சையாக உள்ளே நகர்ந்தது. ஒருவர் சில்லறையைத் தேடிப் பைக்குள் கையே விட்டுவிட்டார்.

"சாருங்களா, நீங்க பெரியவங்க, கேளுங்க. என் வீட்டுக்காரருக்கு இவங்க வெள்ளை மாத்திரை கேக்கல. மஞ்சள் கேட்டுச்சு. குறைஞ்ச பிரஷரைக் குறையலன்னு சொல்லி, மறுபடி ஏத்தி விட்டுட்டு வாழ்த்து சொல்றாங்க! மனுஷன் மேல போய் மயங்கி விழுந்தா அவர் ஒருத்தர் மட்டுமா போவார்? கொக்கியில தொங்குற கம்பி யார் தலையில விழும்? சராசரி தலையிலயா?"

பார்வைக் குழுத் தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படியும் நடக்குதா?" என்று இயக்குநரைக் கேட்டார்.

இயக்குநரின் குதிகால் ஒரு கணம் தரையைத் தொட்டது. உடனே எழும்பியது.

"நல்ல கேள்வி! இதை எல்லோர் முன்னாலயும் தீர்த்துடலாம். இந்தக் கிரேன்காரர் இன்னையிலேர்ந்து எங்க வார்டுல இருக்கட்டும். எங்க கண்காணிப்புல வெள்ளை மாத்திரை மட்டும். நீங்க சுற்றுப்பயணம் முடிச்சு ரெண்டு வாரத்துல இந்த வழியாத்தானே திரும்புவீங்க? அன்னைக்கு மேடையில அளப்போம். குறைஞ்சிருந்தா அங்கேயே சான்று. குறையலேன்னா..."

"குறையலேன்னா?" என்றாள் மனைவி.

"அவர் ஆயுசுக்கும் தரையிலதான். ஒத்துக்கிறீங்களா?"

ஒத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்ய? கெடு முடிவதற்குள் சான்று வாங்க வேறு வழி இல்லை.

*

வார்டு என்றால் கண்ணாடி அறை. வெளியே 'மேட்டு வம்சம், ஆண், உயிருள்ள மாதிரி' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பயிற்சிக்கு வந்த மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குதிகாலைக் குறிப்பெடுத்தார்கள். கிரேன்காரருக்குக் கண்ணாடிக் கூண்டு புதிதல்ல. ஆனால் இதில் லீவர் இல்லை.

அதிகம் பேசாத ஒரு சிஸ்டர் தினமும் காலையில் வந்தாள். கிண்ணத்தில் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கியதும் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டாள்.

"சிஸ்டர், இது குறைக்குமா?"

"போடுங்க. தண்ணி குடிங்க."

அவருக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன், குறையவே கூடாது, நாம் சொன்னதுதான் சரி என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றான். இன்னொருவன், சரியாவது தப்பாவது, குறைந்தால் போதும், கூண்டுக்குப் போகலாம் என்றான். ராசி ஆகவில்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, காலையில் சம்மட்டிச் சத்தம் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தாள். அவர் பின்மண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அவள் புருவத்தை உயர்த்தினாள். அன்றைக்குப் பார்க்கும் நேரம் முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவேளை அந்தப் பிரசவ வாரங்களே கனவோ? சராசரியார் சொன்னதெல்லாம் உண்மைதானோ?

மேடை போட்டார்கள். பார்வைக் குழு முன்வரிசையில் அமர்ந்தது. பட்டையைக் கட்டியதும் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மெஷின் மட்டும் மூச்சு விட்டது.

"நூற்று இருபத்து நாலு! கீழே எண்பது!"

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. பின்வரிசையில் கணக்கு வாத்தியார் எழுந்து நின்று கைதட்டிவிட்டு, எழுந்த வேகத்தில் மயங்கி விழுந்தார். வெள்ளை மாத்திரையின் இரட்டை வெற்றி என்று சராசரியார் அறிவித்தார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கிரேன்காரரை நான் ஒரு மனுஷனா ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தா இரக்கப்பட்டிருப்பேன். இரக்கப்பட்டிருந்தா மாத்திரையை மாத்திக் குடுத்திருப்பேன். மாத்திக் குடுத்திருந்தா அவர் மட்டும்தான் பிழைச்சிருப்பார், என் கோட்பாடு செத்திருக்கும். இன்னைக்கு ரெண்டும் பிழைச்சிருக்கு. எது முக்கியம்னு உங்களுக்கே தெரியும்."

பார்வைக் குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒதுக்கீட்டை இரண்டு மடங்காக்குவதாகச் சொன்னார். அதே மேடையில் சான்று கைக்கு வந்தது. கூட்டுச் சான்றல்ல. தனிச் சான்று. வாங்கும்போது கிரேன்காரர் மைக்கில் மன்னிப்புக்கூடக் கேட்டார்.

"சந்தேகப்பட்டது என் தப்புங்க. மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது."

*

கூட்டம் கலைந்தபின் துணிப்பையை எடுக்க வார்டுக்குத் திரும்பினார்கள். சிஸ்டர் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"வர்றோம் சிஸ்டர். நாளைக்கே மேல ஏறுறேன். போற வழியில மருந்து குடுக்கிற ஜன்னல்ல வெள்ளை மாத்திரை வாங்கிக்கிறேன்."

சிஸ்டரின் கை நின்றது. முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஜன்னல்ல வாங்காதீங்க."

"ஏன்?"

"அங்க இருக்கிறது வேற."

மனைவி பையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். "சொல்லும்மா. வெள்ளைக்கு அசையாத பிரஷர் இந்தக் கண்ணாடி ரூம்ல எப்படிக் குறைஞ்சுது? காத்தோட்டமா?"

சிஸ்டர் கிண்ணத்திலிருந்த மாத்திரையை எடுத்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். வெள்ளைப் பொடி மாவுபோல உதிர்ந்தது. அடியில் இருந்தது மஞ்சள்.

கிரேன்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தன் மன்னிப்பு மைக்கில் எதிரொலித்தது அவர் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மஞ்சள் வெளியே தெரியாம இருக்க, எனக்காக உட்கார்ந்து பூச்சு பூசினாங்களா?"

"உங்களுக்காக இங்க யாருங்க அவ்வளவு மெனக்கெடுவாங்க? வழுவழுன்னு எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்க. ரெண்டு வாரத்துல முடியுற வேலையா இது? ஏற்கெனவே இருந்த சரக்கு. அவசரத்துக்கு உங்களுக்கு எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க."

"யார் சரக்கு?" என்றாள் மனைவி.

சிஸ்டர் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே நடைபாதையில் இயக்குநர் பார்வைக் குழுவை வழியனுப்பிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது தேயும்வரை காத்திருந்தாள்.

"இயக்குநர் ஐயாவோடது. நான் இங்க வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து தினமும் காலையில அவர் போடுறது இதைத்தான். வெள்ளை அவருக்கும் கேக்காதுங்க."